கை வலிக்குதா, கடுக்குதா, குடையுதா?

உடம்பு நோவைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எரியுது, கடுக்குது, உளையுது, குடையுது, குத்துது, சுருக்குன்னு இழுக்குது, மரத்துப்போச்சு, கனக்குது. வீட்டில் பெரியவர்கள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்லமாட்டார்கள். கால் உளைச்சல் வேறு, கால் குடைச்சல் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் மட்டும் இந்தச் சொற்களெல்லாம் காணாமல் போய்விடுகின்றன. "கை வலிக்குது சார்" என்கிறது பிள்ளை. "நோ பெயின், நோ கெயின். இன்னும் நாலு ஐம்பது போ" என்கிறார் பயிற்சியாளர். பேச்சு அத்தோடு முடிந்தது.

என் அக்கா மகள் சென்னையில் போட்டி நீச்சலுக்குப் பயிற்சி எடுக்கிறாள். அவளுக்காகப் படிக்க ஆரம்பித்து எடுத்த குறிப்புகள் இவை. படித்ததில் எனக்குத் தெளிவான விஷயம் இதுதான்: நீச்சல்காரர் "கை வலி" என்று சொல்வதற்குள் குறைந்தது நாலு வேறு சங்கதிகள் இருக்கின்றன. இரண்டு கவலைப்பட வேண்டாதவை. மூன்றாவது பெரும்பாலும் சாப்பாடும் தூக்கமும் சம்பந்தப்பட்டது. நாலாவதுதான் ஆளைக் குளத்திலிருந்து வெளியே அனுப்பிவிடக்கூடியது. நாலுக்கும் "பொறுத்துக்கோ" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதில்தான் சிக்கல்.

முதலில் எரிச்சல். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை முழு வேகத்தில் போனவர்களுக்குக் கடைசி 25 மீட்டரில் கை என்ன பாடுபடும் என்று தெரியும். முழங்கையிலிருந்து தோள்வரை தீயாக எரியும், தண்ணீரைப் பிடிக்க முடியாது. தசையில் உடனடிச் செலவுக்கு என்று வைத்திருக்கிற பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்பு முழு வேகத்தில் பத்து வினாடி அளவுக்குத்தான் பெரிதாக உதவும். அதற்குப் பிறகு கிளைகோஜன் வேகமாக உடைக்கப்பட்டு லாக்டேட் சேர்கிறது. கூடவே ஹைட்ரஜன் அயனிகளும் பாஸ்பேட்டும் சேர்ந்து, தசைநார்கள் சுருங்கும் வேலையைத் தடுக்கின்றன. ஓய்வில் ரத்தத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவில் இருக்கிற லாக்டேட், கடும் 200 மீட்டருக்குப் பிறகு பத்தைத் தாண்டிவிடும்.

இங்கேதான் "லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு" என்ற பிரபலமான கதை வருகிறது. தசையில் லாக்டிக் அமிலம் உண்டாவதைப் பற்றிய ஆய்வுகளுக்காக ஓட்டோ மேயர்ஹாஃபும், தசை வெளியிடும் வெப்பத்தை அளந்ததற்காக ஏ.வி. ஹில்லும் 1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் காலச் சோதனைகள் பெரும்பாலும் தவளையின் கால் தசையை வெட்டியெடுத்துச் செய்தவை. ரத்த ஓட்டம் இல்லாத தசையில் அமிலம் போக வழியில்லை, தேங்கத்தான் செய்யும். அதை வைத்து லாக்டேட் என்பது கழிவு, விஷம் என்ற எண்ணம் பல தலைமுறைகளுக்கு நிலைத்துவிட்டது. பிறகு கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் போன்றவர்கள் காட்டியது வேறு: உயிருள்ள உடம்பில் லாக்டேட் ஓர் எரிபொருள். இதயமும், சும்மா இருக்கிற மற்ற தசைகளும் அதை வாங்கி எரித்துக்கொள்கின்றன. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு மணி நேரம் போல ஆனால் அளவு பழையபடி வந்துவிடும். ஆகவே நேற்றுச் சாயந்திரப் பயிற்சியின் லாக்டிக் ஆசிட் இன்று காலை கையில் இருக்க வாய்ப்பே இல்லை. மசாஜ் செய்து அதை "இறக்க" வேண்டிய தேவையும் இல்லை.

அப்படியானால் நீந்தி முடித்ததும் மெதுவாக நீந்துவது எதற்கு? அதற்குப் பலன் உண்டு. மெல்ல நீந்தினால் லாக்டேட் இன்னும் சீக்கிரம் செலவாகும். ஒரே நாளில் அரை மணி இடைவெளியில் இரண்டு போட்டிகள் இருக்கும் பிள்ளைக்கு இது நிஜமாகவே உதவும். நம்மூர்ப் போட்டிகளில் பிள்ளைகள் ஒரு ஹீட் முடிந்ததும் துண்டைப் போர்த்திக்கொண்டு கேலரியில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். வார்ம் அப் குளம் இல்லாத இடங்களில் வேறு வழியும் இல்லை. குறைந்தபட்சம் பத்து நிமிடம் நடக்கலாம், கையை வீசலாம்.

இரண்டாவது, மறுநாள் கடுப்பு. செய்து முடித்து 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். தொட்டால் வலிக்கும், கையை நீட்டினால் வலிக்கும். தானாகவே போய்விடும். தசை சுருங்கிக்கொண்டே இழுப்பதைவிட, பாரத்தைத் தாங்கியபடி நீளும்போதுதான் தசைநார்களில் நுண்ணிய சேதம் அதிகம். மாடிப்படி ஏறியதைவிட மலையிலிருந்து இறங்கிய மறுநாள் தொடை அதிகம் வலிப்பது இதனால்தான். இப்போது நீச்சலை யோசியுங்கள். தண்ணீரில் கை பெரும்பாலும் சுருங்கி இழுக்கிற வேலையையே செய்கிறது. ஆகவே நீச்சலால் மட்டும் இந்த மறுநாள் கடுப்பு பெரிதாக வருவதில்லை. வந்திருந்தால் முந்தின நாள் தரையில் செய்த புஷ்-அப், டம்பெல், மெடிசின் பால் பக்கம் சந்தேகத்தைத் திருப்பலாம். இரண்டு மூன்று தடவை அதையே செய்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ரியோ ஒலிம்பிக்கில், 2016-ல், மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகச் சிவந்த தடம் தெரிந்ததே, அந்தக் கப்பிங் சமாச்சாரத்தை நம்மூரிலும் சிலர் பிள்ளைகளுக்குச் செய்து பார்க்கிறார்கள். தானாகப் போகிற வலிக்கு எந்த வைத்தியம் செய்தாலும் பலித்தது போலத்தான் இருக்கும்.

மூன்றாவது, கனம். எரிச்சலும் இல்லை, கடுப்பும் இல்லை. தண்ணீரில் இறங்கியதிலிருந்தே கை மரக்கட்டை மாதிரி இருக்கும், வழக்கமான நேரம் வராது, நாள்கணக்கில் இப்படியே போகும். இதற்குப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் காஸ்டில் என்பவரின் குழு 1988-ல் வெளியிட்டது. கல்லூரி நீச்சல்காரர்கள் 12 பேர், நாளுக்குச் சுமார் 4,300 மீட்டர் நீந்திக்கொண்டிருந்தவர்கள். பத்து நாளைக்கு அதைச் சுமார் 9,000 மீட்டராக, இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக, ஆக்கிப் பார்த்தார்கள். எட்டுப் பேர் சமாளித்தார்கள். நாலு பேரால் பழைய வேகத்தில் பயிற்சியைத் தொடர முடியவில்லை. அந்த நாலு பேரின் தசையில் கிளைகோஜன் குறைந்திருந்தது. காரணம், செலவுக்கு ஏற்ற அளவு மாவுச்சத்து அவர்கள் சாப்பிடவில்லை. மன உறுதி, வீரம் எல்லாம் பேசுவதற்கு முன்னால் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய விஷயம் இது.

காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில், அல்லது ஒரு டம்ளர் பாலோடு குளத்தில் இறங்கி, ஏழு மணிக்கு அவசர அவசரமாகக் கிளம்பி, வேனில் பாதி இட்லியும் பள்ளியில் மதியச் சாப்பாட்டில் மீதியும் வைத்துவிட்டு, சாயந்திரம் மறுபடி குளம். இந்தப் பிள்ளைக்குக் கை கனக்காமல் என்ன செய்யும்? புரோட்டீன் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் உண்டு. முதலில் நாலு இட்லி, இரண்டு வாழைப்பழம், பயிற்சி முடிந்த அரைமணிக்குள் ஏதாவது வயிற்றுக்கு, ராத்திரி சோறு, ஒன்பது மணிக்குத் தூக்கம். இதைச் சரிசெய்துவிட்டு டப்பா பக்கம் போகலாம்.

இனி நாலாவது. குடைச்சல்.

இதைப் பிள்ளைகள் பெரும்பாலும் "கை வலி" என்றுதான் சொல்வார்கள், "தோள் வலி" என்று சொல்லமாட்டார்கள். காட்டச் சொன்னால் மேல் கையின் வெளிப்பக்கத்தை, தடுப்பூசி போடுகிற இடத்தை, உள்ளங்கையால் தேய்த்துக் காட்டுவார்கள். அந்த இடத்தில் கோளாறு எதுவும் இருக்காது. கோளாறு மேலே, தோள் மூட்டுக்குள் இருக்கும். அந்த மூட்டின் நோவு கீழே இறங்கி மேல் கையில் தெரிவது வழக்கம். கையில் தைலம் தேய்த்துக்கொண்டே மாதங்கள் ஓடிவிடுவது இப்படித்தான்.

தோள் மூட்டு வினோதமான அமைப்பு. இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து. தோளோ தேக்கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம். பந்து பெரிது, குழி சிறிது. அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது, அதனால்தான் அது சுலபமாக நழுவவும் பார்க்கிறது. எலுமிச்சம்பழத்தை இடத்தில் பிடித்துவைக்க ரொட்டேட்டர் கஃப் என்ற நாலு சிறு தசைகள் இருக்கின்றன. அவற்றில் மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண், மேலே ஓர் எலும்பு விளிம்புக்கும் கீழே பந்துக்கும் நடுவே குறுகலான சந்தில் போகிறது. இன்னொரு பக்கம் தேக்கரண்டியே அசையக்கூடியது. தோள்பட்டை எலும்பு முதுகில் விலாவின்மேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. கையை உயர்த்தும்போது அதுவும் கூடவே திரும்பினால்தான் அந்தச் சந்து நெருக்கப்படாமல் இருக்கும். அதைத் திருப்பிப் பிடிக்கிற முக்கியமான தசை, விலா எலும்புகளிலிருந்து கிளம்பும் செர்ரேட்டஸ் ஆன்டீரியர்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 50 மீட்டருக்கு இரண்டு கையும் சேர்த்து 40 வீச்சு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5,000 மீட்டர் என்றால் 4,000 வீச்சு, ஒரு தோளுக்கு 2,000. வாரம் ஆறு நாள், வருஷத்துக்கு 46 வாரம். ஒரு தோள் வருஷத்தில் 5.5 லட்சம் முறை சுற்றுகிறது. வேகப்பந்து வீச்சாளர் வாரத்துக்குச் சில நூறு பந்து போட்டாலே அவருடைய தோளைப் பற்றி டிவியில் விவாதம் நடக்கிறது.

இந்த 5.5 லட்சத்தில் எந்தத் தசைக்கு ஓய்வே இல்லை? 1991-ல் மேரிலின் பிங்க்கும் சகாக்களும் நீச்சல்காரர்களின் தோளைச் சுற்றியுள்ள 12 தசைகளில் மெல்லிய கம்பி மின்முனைகளைச் செருகி நீந்தவிட்டுப் பதிவு செய்தார்கள். மற்றத் தசைகள் வீச்சின் ஒரு பகுதியில் வேலை செய்து மறுபகுதியில் இளைப்பாறின. செர்ரேட்டஸ் ஆன்டீரியரும், தோள்பட்டையின் உட்பக்கமுள்ள சப்ஸ்கேப்புலாரிஸும் மட்டும் வீச்சு முழுக்கத் தொடர்ந்து வேலை செய்தன. களைப்பு முதலில் தட்டப்போவது இவற்றுக்குத்தான் என்று அவர்கள் சொன்னார்கள். வலியுள்ள தோள்களை அதே முறையில் சோதித்தபோது, தண்ணீரை இழுக்கும் கட்டத்தில் செர்ரேட்டஸின் வேலை குறைந்திருந்தது. களைத்ததால் வலி வந்ததா, வலியால் தசை ஒதுங்கிக்கொண்டதா என்பதை அந்தப் பதிவு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

குளத்தோரம் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முதல் ஆயிரம் மீட்டரில் முழங்கை உயர்ந்து, உடம்பு இரண்டு பக்கமும் உருண்டு, கை தோளுக்கு நேரே தண்ணீரில் இறங்கும். நாலாயிரத்தில் முழங்கை தொங்கும், உடம்பு உருள்வது குறையும், கை தலைக்கு முன்னால் குறுக்கே போய் விழும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக் கத்துகிறார்கள். தோள்பட்டையைப் பிடிக்கிற தசை களைத்துப்போய், பாரம் முழுவதும் அந்த மெல்லிய தசைநாணின் தலையில் விழ ஆரம்பித்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. களைப்பு வேறு, காயம் வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். தோளைப் பொறுத்தவரை முன்னது பின்னதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

"நீச்சல்காரர் தோள்" என்ற பெயரை மருத்துவ உலகத்தில் 1974-ல் வைத்தவர்கள் கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற கனடிய எலும்பு மருத்துவர்கள். அப்போதைய விளக்கம், அந்தக் குறுகலான சந்தில் தசைநாண் நசுங்குகிறது என்பது. 2010-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு பார்வையைக் கொஞ்சம் நகர்த்தியது. 13 முதல் 25 வயதுவரையுள்ள உயர்மட்ட நீச்சல்காரர்கள் 80 பேரில் 91 விழுக்காட்டினருக்குத் தோள் வலி இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்த 52 பேரில் 69 விழுக்காட்டினருக்குச் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாண் கெட்டுப்போய்த் தடித்திருந்தது. அது எதோடு சேர்ந்து ஏறியது? எந்த வகை நீச்சல் என்பதோடு இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் என்பதோடுதான். அதாவது பெரும்பங்கு, சுமையின் கணக்கு.

91 விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்து "எல்லாருக்கும் இருக்கு, அப்ப சகஜம்தான்" என்று முடிவு கட்டுவது சுலபம். அமெரிக்க உயர்நிலைப்பள்ளி வயது கிளப் நீச்சல்காரர்கள் நூறு பேர் அளவில் கேட்டபோது, தோள் வலி இந்த விளையாட்டில் இயல்பு, சகித்துக்கொள்ள வேண்டியது என்பதே பெரும்பாலோர் பதில். பயிற்சியை முடிப்பதற்காக வலி மாத்திரை போட்டவர்கள் பத்துக்கு ஏழு பேர். இங்கேயும் பையில் கண்ணாடி, தொப்பியோடு ஒரு பட்டை மாத்திரையும் வைத்திருக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை வலியை மறைக்கும், சுமையைக் குறைக்காது. தீ அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டுச் சமையலைத் தொடர்கிற மாதிரி.

சரி, குடைச்சல் வந்தால் என்ன செய்வது? முழு ஓய்வு என்று மூன்று வாரம் வீட்டில் உட்காரவைப்பது அவ்வளவு நல்லதல்ல. சுமையே இல்லாவிட்டால் தசைநாண் பலவீனமாகும், திரும்பி வந்த முதல் வாரமே பழைய வலி வரும். தூரத்தைக் குறைத்து, வலி தராத அளவுக்கு நீந்துவதுதான் இப்போது பெரும்பாலும் சொல்லப்படும் வழி. கையில் மாட்டும் பாடில் முதலில் போக வேண்டும். அது ஒவ்வொரு வீச்சிலும் தோளின் சுமையைக் கூட்டுகிறது. "கை வலிக்குதா, அப்ப கிக் மட்டும் அடி" என்று பலகையைக் கொடுப்பார்கள். பலகையைப் பிடித்துக் கையைத் தலைக்கு முன்னால் நீட்டியே வைத்திருப்பது, அந்தச் சந்து நெருக்கப்படுகிற அதே நிலை. மல்லாந்து படுத்து, கையை உடம்பு ஓரம் வைத்து உதைக்கட்டும். அப்புறம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் பிடித்து இழுக்கும் ஸ்ட்ரெச்சிங். நீச்சல்காரர்களின் தோள் ஏற்கெனவே தளர்வானது. மேலும் தளர்த்துவதில் லாபம் இல்லை.

பலப்படுத்த வேண்டியவை வெளியே தெரியாத தசைகள். சுவரில் கையை ஊன்றி, முழங்கையை மடக்காமல், தோள்பட்டைகளை மட்டும் முன்னே தள்ளிப் பின்னே இழுப்பது செர்ரேட்டஸுக்கு. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது ரொட்டேட்டர் கஃப்புக்கு. பார்க்கச் சப்பென்று இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்காது. தசைநாண் தசையைவிட மெதுவாகத் தேறுவது, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். எவ்வளவு, எத்தனை முறை என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லட்டும். வலி காரணமாக வீச்சு மாறினாலோ, மறுநாளும் குடைச்சல் நீடித்தாலோ, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாவிட்டாலோ தள்ளிப்போடக் கூடாது. சில அறிகுறிகளுக்கு அதே நாளில் மருத்துவமனை: கை திடீரென்று வீங்கி நீலம் பாரித்தால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், வழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். விரல்கள் அடிக்கடி மரத்துப்போனால் கழுத்து, நரம்பு பக்கம் பார்க்க வேண்டும்.

தூரத்தைக் குறைக்கச் சொன்னால் உடனே வரும் கேள்வி: பின்தங்கிவிடமாட்டாளா? காஸ்டில் குழு 1991-ல் இதையும் பார்த்தது. ஒரே அணியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆறு வாரம் நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி செய்யவைத்தார்கள். மற்றப் பாதி ஒரே வேளை. கூடுதலாக நீந்தியவர்களுக்குக் கூடுதல் முன்னேற்றம் எதுவும் கிடைக்கவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்தைய கடைசி மூன்று வாரங்களில், பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்த கட்டத்தில், இனிகோ முஹிகா குழு 99 நீச்சல்களைக் கணக்கெடுத்தது. சராசரியாக 2.2 விழுக்காடு வேகம் கூடியிருந்தது. 200 மீட்டரை 2 நிமிடம் 10 வினாடியில் முடிப்பவருக்கு அது ஏறத்தாழ மூன்று வினாடி. தூரமே தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 1,500 மீட்டர்காரருக்கு அடித்தளம் வேண்டும்தான். ஆனால் 50, 100 மீட்டர் போகிற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஏழாயிரம் எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம்மூருக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக ஜனவரியோடு குளத்துக்கு முழுக்குப் போடுகிறார்கள். ஏப்ரலில் தேர்வு முடிந்த மறுநாள் கோடை முகாம், "விட்டதைப் பிடிக்கணும்" என்று காலையும் மாலையும். இரண்டு மூன்று மாதம் வீச்சே இல்லாத தோளுக்கு ஒரே வாரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர். நுரையீரலும் தசையும் ஒருவழியாகத் தேறி வந்துவிடும், தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. மே மாதக் கடைசியில் குடைச்சல் ஆரம்பிக்கும், ஜூனில் போட்டி இருக்கும். அக்கா மகளுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் மணி நேரமாவது தண்ணீரில் இருக்கட்டும், தேர்வு முடிந்து முதல் வாரம் பத்து கிலோமீட்டரில் ஆரம்பித்து வாராவாரம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று அவளுடைய பயிற்சியாளரிடம் பேசியிருக்கிறோம். ஒரு நோட்டில் தினமும் தூரம், தூங்கிய நேரம், கை என்ன பண்ணியது என்று எழுதுகிறாள். போன செவ்வாய்க்கிழமைக்கு நேரே "வலது கை, கடுப்பு, புஷ்-அப் செஞ்சதால" என்று இருந்தது. வியாழக்கிழமை ஒன்றும் இல்லை.